வர வேண்டாம் என்று யார் சொன்னது

அன்பு மகளுக்கு, நீ சுகமாக இருப்பாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, அதனால் சொல்லவும் இல்லை. அப்பா போன பிறகு உன்னிடமிருந்து வந்தது ஒரே வரி, "நீங்கதானே வர வேண்டாம்னு சொன்னீங்க". பெத்த மனம் பித்து என்பார்கள், ஆனால் சாகக் கிடக்கிற அப்பாவைப் பார்க்க மகளை வர வேண்டாம் என்று சொல்லுமளவு எனக்குப் பித்துப் பிடிக்கவில்லை. ஐசியூவுக்குள் போன் கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதனால் உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். "அவளை வரச் சொல்லு, லீவுக்குக் காத்திருக்க வேண்டாம்" என்றேன், வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது உன் வரியைக் காட்டிக் கேட்டால், "அவ பயந்துடக் கூடாதுன்னு சுருக்கி அனுப்பினேன்மா" என்கிறான். சுருக்கிய லட்சணம், நடுவில் இருந்ததெல்லாம் போய் "வர வேண்டாம்" மட்டும் மிச்சம்.

நீ ஆராய்ச்சிக்கூடத்தில் பார்ப்பதும் நான் வருஷக்கணக்காகக் கரும்பலகையில் வரைந்ததும் ஒரே சமாசாரம்தான். டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வராது, தூது ஆர்.என்.ஏ. என்று அதிலிருந்து செல் ஒரு நகல் எடுக்கும், எடுக்கும்போதே தலையில் தொப்பி, வேண்டாத துண்டுகளை வெட்டி வேண்டியதை ஒட்டி, கடைசியில் ஒரு வால், அப்புறம்தான் உட்கருத் துளை வழியாக வெளியே விடும், வெளியே வந்ததைப் படித்துத்தான் புரதம் தயாராகும். வேண்டிய துண்டையே வெட்டிவிட்டால் புரதமும் கோணல்தான். அண்ணன் அனுப்பியதற்கும் தலையில் "அன்புத் தங்கச்சிக்கு", வாலில் "கவலைப்படாதே", பார்க்க முழுசாகத்தானே இருந்தது, நீயும் நம்பிவிட்டாய். கண்ணுக்குத் தெரியாத செல்கூடப் பழுதானதில் பாதியையாவது வாசலில் தடுக்கப் பார்க்கும். இவ்வளவு படித்த நீ, அம்மா இப்படிச் சொல்வாளா என்று எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா. அவன் மேல் கோபம்தான், உன் மேல் அதைவிடக் கோபம்.

நீ விமானத்தில் வந்துகொண்டிருக்கிறாய் என்று நினைத்துத்தான் நான் உன்னைக் கூப்பிடவில்லை. அப்பா கண் திறந்தபோதெல்லாம் "கிளம்பிட்டாளா" என்றார், கிளம்பிட்டா என்றேன். கடைசியில் "வழியில ஏதாவது சாப்பிட்டாளா" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

நல்லா இரு, உன்னை வேறு எப்படியும் வாழ்த்த எனக்கு வாய் வரவில்லை. அண்ணனிடம் சண்டைக்குப் போகாதே, அவனும் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதே, வருவதானால் என்னிடமே சொல். அப்பா இல்லாத வீட்டில் எனக்கென்ன வேலை என்று உனக்குத் தோன்றினால் அதையும் உன் வாயாலேயே சொல், முழுசாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா