குடிக்காத தண்ணீருக்கு வாங்கிய திட்டு

அக்கா,

போன மாதம் டயாலிசிஸ் அறைக்கு வெள்ளையடித்தார்கள். பீரோவை நகர்த்துவதற்காக உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து வெளியே போட்டோம். அடித்தட்டில் உங்கள் போர்வை இருந்தது. பச்சைக் கட்டம் போட்டது. உதறினேன், காய்ந்த வேப்பிலை பொடிப்பொடியாகக் கொட்டியது. பூச்சி அரிக்கக் கூடாதென்று மடிப்புக்கு மடிப்பு நீங்கள் வைத்தது. ஏசிக் குளிருக்கு எங்களிடம் வருகிறவர்கள் ஆளுக்கொரு போர்வை வைத்திருப்பார்கள். மற்றவர்களுடையதில் மருந்து வாடை அடிக்கும், உங்களுடையதில் மட்டும் வேப்பிலை வாடை. நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகியும் அது போகவில்லை. பெயிண்டர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அழுது இரண்டு நாள் ஆகவில்லை, உங்கள் மகள் நித்யா வந்து நின்றாள். நர்சிங் முடித்துவிட்டாள் அக்கா. உங்கள் நெற்றி, உங்கள் மூக்கு, பிடிவாதம் மட்டும் மாமாவுடையது. கையில் ஒரு ஃபைல்.

"சிஸ்டர், இங்க ஒரு இடம் காலியா கீதாமே. நான் இங்கதான் சேரணும். வேற எங்கியும் அப்ளை பண்ணல" என்றாள்.

இப்போது இந்த யூனிட்டுக்கு நான்தான் இன்சார்ஜ். யாரைச் சேர்க்கலாம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் என்னைத்தான் கேட்பார்கள். நான் தலையாட்டினால் அவளுக்கு வேலை. ஆனால் எனக்குத் தலை ஆடவில்லை. "ரெண்டு நாள் டைம் குடும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு நாளும் மனசுக்குள் உங்களோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் அவளைப் போலத்தான் வந்தேன். சர்டிபிகேட்டில் மை காயவில்லை. எங்கம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நைட் டூட்டி கெடையாது, ஞாயித்துக்கெயம லீவு, வூட்டாண்டயே பஸ்ஸு. இன்னாத்துக்கு மெட்ராசுக்குப் போயி லோல்படணும்?" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வார்டில் ஒரு மாதம்கூட வேலை பார்க்காமல், ஆழம் தெரியாமல் காலை விட்டேன். ஐந்து மெஷின், இரண்டு ஷிப்ட், வாரத்துக்கு மூன்று முறை அதே முகங்கள். முதல் வாரம் எனக்குக் கொடுத்த முகம் உங்களுடையது.

உங்கள் இடது கையில், ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடத்தில் ஊசி போட வேண்டும். நான் ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். நீங்கள் தலையைத் திருப்பிப் பார்த்தீர்கள்.

"இன்னா சிஸ்டரு, மீனுக்குத் தூண்டில் போடறா மாதிரி எட்ட நின்னுக்கினு கீற? கிட்ட வா. வாரத்துக்கு மூணு வாட்டி குத்து வாங்குற கை இது. நீ ஒரு வாட்டி தப்பா குத்திட்டா இன்னா ஆயிடப் போவுது?"

தப்பாகத்தான் குத்தினேன். கை கத்தரிக்காய் நிறத்துக்கு வீங்கியது. அடுத்த முறை வந்தபோது அதே கையை நீட்டினீர்கள். காவாந்தண்டலத்திலிருந்து பஸ் ஏறி வந்து, போர்வையை விரித்து, "வா, வந்து தூண்டில போடு" என்றீர்கள். அன்றைக்கே நீங்கள் எனக்கு அக்கா ஆகிவிட்டீர்கள்.

கை சீக்கிரம் பழகிவிட்டது. ஆறு மாதத்தில் ஐந்து மெஷினையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது. சிறுநீர் பிரியாதவர்களுக்குக் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். அதனால் வந்ததும் எடை பார்ப்போம். தண்ணீர் இல்லாத உடம்புக்கு இவ்வளவு எடை என்று டாக்டர் ஒரு கணக்குக் குறித்து வைத்திருப்பார். அதற்கு மேல் இருப்பதை மெஷின் எடுக்கும். வெறும் கழித்தல் கணக்கு. இதில் ஏமாற்றத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஒருவர் எடை மெஷினில் ஏறுவதற்கு முன் பெல்ட்டைக் கழற்றுவார், மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றுவார். "தண்ணியே குடிக்கல சிஸ்டர், மோருதான்" என்று சத்தியம் செய்வார் இன்னொருவர். அதனால் நான் யார் பேச்சையும் நம்பவில்லை, எடை மெஷினை மட்டும் நம்பினேன்.

அந்தத் திங்கட்கிழமை நீங்கள் எடை மெஷினில் ஏறினீர்கள். குறித்து வைத்த எடைக்கு மேல் ஒரே ஒரு கிலோதான். "சபாஷ்க்கா" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"ராத்திரி படுக்க முடியல சிஸ்டரு. படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்துக்கினேதான் தூங்கனேன்."

"வெயிட் கரெக்டா இருக்குக்கா. சும்மா பயப்படறீங்க" என்றேன்.

உங்கள் ஜாக்கெட் தோளில் நிற்காமல், ஊக்கு குத்தியிருந்தீர்கள். அதையும் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். நீங்கள் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப் போயிருந்தீர்கள். சதை போன இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் எடை மாறவில்லை. வார்டில் மூன்று மாதம் வேலை பார்த்த பெண் என்றால், உட்கார்ந்துகொண்டே தூங்கினேன் என்ற வார்த்தையைக் கேட்டதும் டாக்டரிடம் ஓடியிருப்பாள். நானும் அதைப் புத்தகத்தில் படித்தவள்தான். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான். ஆனால் மூச்சு முட்டுகிற ஒரு மனுஷியைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. ஒரு கிலோ மட்டும் எடுத்து உங்களை வீட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் விடிந்ததும் உங்களை ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. நுரையீரலில் தண்ணீர் கோத்திருந்தது. அவசரமாக மெஷினில் போட்டு, மதியத்துக்கு மேல்தான் உங்களுக்குப் பேச்சு வந்தது. டாக்டருக்குக் கோபமான கோபம். "எவ்ளோம்மா தண்ணி குடிச்ச? உண்மையச் சொல்லு" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். என் முகம் எப்படி இருந்ததோ, நீங்கள் அதைப் பார்த்தீர்கள்.

"ரெண்டு சொம்பு குட்சிட்டேன் சார். தாகம் தாங்கல."

குடிக்கவில்லை என்று எல்லோரும் பொய் சொல்லும் அறையில், குடித்தேன் என்று பொய் சொன்ன ஒரே ஆள் நீங்கள். டாக்டர் திட்டினார். மாமா எல்லோர் எதிரிலும், "சாவணும்னே கீறியா நீ? எங்கள பத்தி நெனச்சியா?" என்று கத்தினார். பள்ளிக்கூட யூனிபார்மோடு கதவோரம் நின்றிருந்த நித்யா உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அப்போது பதிமூன்று வயது. நான் வாயைத் திறக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நெஜத்த சொன்னா உன்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்பறம் புச்சா ஒண்ணு வரும். அது கையால மொதல்லேர்ந்து குத்து வாங்க என்னால ஆவாதும்மா" என்றீர்கள். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தீர்கள் வேறு.

டாக்டர் அந்த இரண்டு சொம்பை நம்பிவிட்டார். அதனால் குறித்து வைத்த எடை அப்படியே இருந்தது. உங்களுக்கு மறுபடி மூச்சு முட்டிவிடுமோ என்று எனக்குத் தூக்கமில்லை. இரண்டு முறை நீங்கள் வந்து போகும்வரை பயந்துகொண்டே இருந்துவிட்டு, மூன்றாம் முறை, "சார், அக்கா இளைச்சிருக்காங்க. ஜாக்கெட் லூசா இருக்கு" என்று சொன்னேன். அவர் பரிசோதித்துவிட்டு எடையைக் குறைத்து எழுதினார். "நல்லா கவனிச்சிருக்கேம்மா" என்று பாராட்டினார். தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றேன்.

அப்புறம் நீங்கள் மூன்று வருஷம் இருந்தீர்கள். அதுதான் என் ஆறுதல். ஆனால் அந்த மூன்று வருஷமும் உங்கள் வீட்டில் உங்களை நம்பவில்லை. "எம்பொண்ணு டம்ளர்ல நெயில் பாலிஷ்ல கோடு போட்டு தண்ணி அளந்து குடுக்குது சிஸ்டரு. ரேஷன் கடை தோத்துது போ" என்று நீங்கள் சொன்னபோது நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள். திங்கட்கிழமை பழக்கதோஷத்தில் உங்கள் படுக்கைக்கு விரிப்பு போட்டுவிட்டேன். மற்ற நாலு பேரும் அந்தப் பக்கம் பார்க்காமல் படுத்திருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த அறையில் அப்படி யாரும் கேட்பதில்லை. வார்டில் இருந்து ஆட்கள் குணமாகி வீட்டுக்குப் போவார்கள், இங்கிருந்து அப்படி யாரும் போவதில்லை. இருபத்திரண்டு வயதில் இந்த வேலையில் உட்காருகிற பெண்ணுக்கு இதை யார் சொல்வது?

இரண்டு நாள் கழித்து நித்யா வந்தாள். கேன்டீன் பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். "ஒரு வருஷம் வார்டுல போய் வேலை பாரு. எல்லா வியாதியும் பாரு. அப்புறம் இங்க வா" என்றேன்.

"எங்கம்மா படுத்த எடம் சிஸ்டர் இது. நான் நல்லா பாத்துக்குவேன்."

"பாசம் இருந்தா போதாதும்மா. எனக்கும் பாசம் இருந்துச்சி."

"நீங்களும் காலேஜ்லேர்ந்து நேரா இங்க வந்தவங்கதானே? உங்களுக்கு இன்னா கொறஞ்சி போச்சி?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன் அக்கா. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்க வேண்டாம் என்றும் தோன்றியது. அவள் அந்த டம்ளரை நினைப்பாளே என்றும் பயமாக இருந்தது. ஆனால் உண்மையை மறைத்து அவளைத் திருப்பி அனுப்பினால், அது நான் இரண்டாம் முறை உங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது மாதிரி ஆகும். சொல்லிவிட்டேன். ஊக்கு, மூச்சு, இரண்டு சொம்பு, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் டீயைத் தொடவே இல்லை. "அப்ப அம்மா அன்னிக்கு குடிக்கவே இல்லியா?" என்று கேட்டாள்.

"மாத்திரைக்கு ஒரு வாய் குடிச்சிருப்பாங்க. அவ்ளோதான்."

"எட்டு நாள் நான் அம்மாகிட்ட பேசல சிஸ்டர். கூப்ட்டாங்க. நான் பேசல."

அவள் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்கள மன்னிக்கறதா வாணாமான்னு எனுக்கு இப்ப தெரில. ஒரு வருஷம் ஆவட்டும். வந்து சொல்றேன்."

காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் சேர்ந்துவிட்டாளாம். மாமா சொன்னார். இங்கே காலியான இடத்துக்கு நான்கு வருஷம் வார்டில் இருந்த ஒரு பெண்ணை எடுத்திருக்கிறோம். நித்யா வரும்போது அவளுக்கும் ஒரு இடம் உண்டாக்க வேண்டியது என் பொறுப்பு. இப்போதெல்லாம் யாராவது எடை மெஷினில் ஏறினால், நான் எண்ணைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்கிறேன், மோர் கதை உட்பட.

உங்களுக்கு நான் நன்றி சொல்லவே இல்லை அக்கா. மன்னிப்பு மட்டும் நூறு முறை கேட்டேன், நீங்களும் நூறு முறை "போவுது வுடு" என்றீர்கள். குடிக்காத தண்ணீருக்காக டாக்டர் திட்டினார், மாமா திட்டினார், பெற்ற பெண் எட்டு நாள் பேசவில்லை. அத்தனையும் எனக்கு வந்திருக்க வேண்டியது. ஒரு வருஷம் கழித்து நித்யா வந்து என்ன சொன்னாலும் தலை குனிந்து கேட்டுக்கொள்வேன். அவளாவது என்னைத் திட்டட்டும்.