மூக்குப்பாறையில் நான்கு முட்டை

11 மார்ச் 1934, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஜேனை அழைத்துக்கொண்டு நேரே ஏரிக்குப் போனேன். கரையிலிருந்து தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குப்பாறையில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் கழியும். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை வீட்டு ஏலத்தில் எடுத்த பைனாகுலர். அதன் ஒரு கண்ணாடியில் பூஞ்சை. அதை வைத்துக்கொண்டு நாரையும் நீர்க்காகமும் பார்ப்போம். ஜனவரியில் எங்கள் குழந்தை இறந்து பிறந்த பிறகு ஜேன் இன்றுதான் வந்தாள். வந்தாளே தவிர பைனாகுலரைத் தொடவில்லை.

பாறை நுனிக்குப் போகும்போது ஒரு ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேல் வந்து கத்தித் தீர்த்தது. என்னவென்று பார்த்தால், ஜேனின் காலுக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் சரளையில் நான்கு முட்டை. கூடு என்று ஒன்றும் இல்லை.

"நம்மளத் திட்டுதுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். ஜேன் சிரித்தாள்! இந்த முட்டைகள் பொரிய வேண்டும், கர்த்தாவே. இப்போதைக்கு வேறொன்றும் கேட்கவில்லை.

14 மார்ச்

மாடு மிதித்துவிடுமோ, துணி துவைக்க வருகிறவர்கள் மிதித்துவிடுவார்களோ என்று ஜேனுக்கு ஒரே கவலை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. முட்டைக்குச் சற்று முன்னால் மூன்று கல்லை நட்டு வெள்ளையடித்துவிட்டால் எல்லாரும் ஒதுங்கிப் போவார்கள். ஜேன் பழைய டின்னில் சுண்ணாம்பு கரைத்துக் கொடுத்தாள். ஆபீசுக்குப் போகுமுன் இருவருமாகப் போய் வேலையை முடித்தோம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

18 மார்ச், ஞாயிறு

குருவி பயப்படவில்லை. வெயில் ஏறியதும் தண்ணீரில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காருகிறது. ஜேன் கடைசிவரை பைனாகுலரை என்னிடம் தரவே இல்லை.

21 மார்ச்

மூன்றில் நடுவிலுள்ள கல்லில் குங்குமம். யாரோ விளையாட்டுக்கு வைத்திருப்பார்கள்.

25 மார்ச், குருத்தோலை ஞாயிறு

விளையாட்டு இல்லை. மூன்று கல்லுக்கும் மஞ்சள் பூசி, செம்பருத்தி வைத்திருக்கிறது. ஏரிக்கரையில் எருமை மேய்க்கும் லிங்கம்மா கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஹனூர்ப் பக்கத்து ஊர்க்காரி.

"அம்மன் தானா எந்திரிச்சிருக்கறாளுங்க. பட்சி காவல் காக்குது பாருங்க. கிட்டப் போனா கத்துது."

"இல்லம்மா, அது நான் நட்ட கல்லு. முட்டைய மிதிக்கக் கூடாதுன்னு வச்சேன்."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீங்களா வச்சீங்க? அவ உங்க கையால வச்சுக்கிட்டா."

  

28 மார்ச்

ஹெட் கிளார்க் நஞ்சுண்டசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"பர்னபாஸு, அந்தக் கல்லத் தொட்டுப்போடாதீங்க. நீங்க கிறிஸ்துவரு. சாமியப் பிடுங்கிப் போட்டாருன்னு பேராயிருமுங்க. கலாட்டா ஆச்சுன்னா வேலையும் போயிரும்."

நான் நட்ட கல்லை நான் பிடுங்க முடியாது. எருமையைத் தடுக்கத்தானே நட்டேன், மனுஷர்களை வரவழைக்கவா?

30 மார்ச், பெரிய வெள்ளி

விடிந்ததும் பிடுங்கிவிடுவது என்றுதான் போனேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டு வந்தேன். எப்படிப்பட்ட வீரன் நான்! குருவி மட்டும் முட்டையை விட்டு நகரவில்லை.

1 ஏப்ரல், உயிர்த்தெழுந்த ஞாயிறு

வேண்டாம் வேண்டாம் என்றேன், ஜேன் கேட்கவில்லை. புதுப் புடவையோடு வந்தாள்.

திருவிழாக் கூட்டம். பாறையைச் சுத்தம் செய்கிறோம் என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். விளக்குமாறு வேறு. நாங்கள் போனபோது சரளை முழுக்க ஏரிக்குள் போயிருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, யாரைத் திட்டுவேன்? குருவிகள் இரண்டும் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தின. ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார்கள்.

"முட்டை எங்க?" என்று லிங்கம்மாவிடம் கேட்டேன்.

"அம்மன் எடுத்துக்கிட்டாளுங்க."



4 ஏப்ரல்

குருவிகளைக் காணோம்.

15 ஏப்ரல், ஞாயிறு

ஜேன் ஆராதனைக்கு வரவில்லை. சாப்பாடும் சரியில்லை. வேறு ஏரிக்குப் போகலாம் என்றேன். "என்னத்துக்கு?" என்றாள். ஐயோ, அந்த டின்னைக் கையில் எடுக்காமல் இருந்திருக்கலாம். மாடு மிதித்திருந்தால்கூட மாட்டைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்போம்.

29 ஏப்ரல், ஞாயிறு

மூக்குப்பாறைக்கு இப்போது கீற்றுக்கொட்டகை. முட்டையை எடுத்துக்கொண்டவள் பிள்ளை கொடுப்பாளாம். பக்கத்துப் புங்கமரத்தில் வேண்டுதல் தொட்டில்கள் தொங்குகின்றன. சொல்லக் கூடாது என்றிருந்தேன். பால் ஊற்ற வந்த ராமக்காள் ஜேனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

6 மே, ஞாயிறு

காலையில் ஜேன் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, ஒரு தேங்கா வாங்கிட்டு வாங்க."

"எதுக்கு?"

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. கோபம் வந்தது, பாதிரியார் முகம், என் அப்பா முகம், எல்லாம் வந்தது.

"ஜேன், அது கல்லு. நான் நட்டது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நான்தான சுண்ணாம்பு கரைச்சேன்."

தேங்காய் வாங்கி வந்தேன்.

கொட்டகையில் லிங்கம்மா தேங்காயை வாங்கிக்கொண்டு எங்களுக்கு இடம் விட்டாள். ஜேன் கும்பிடவில்லை, முழங்காலும் போடவில்லை. மரத்தடிக்குப் போய், பையிலிருந்து ஃபிளானல் துணி ஒன்றை எடுத்தாள். டிசம்பரில் அவள் தைத்த சின்னச் சட்டை. அதைக் குறுக்கே மடித்துத் தொட்டில் மாதிரி செய்துகொண்டாள். அக்கரையில் எங்கேயோ ஒரு ஆட்காட்டி கத்தியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளை அவளுக்கு எட்டவில்லை. நான் வளைத்துப் பிடித்துக்கொண்டேன்.