சிவப்புச் சாம்பல் மைதானத்துப் பயிற்சியாளனுக்கு

இன்று மத்தியானம் வேலை முடிந்து வரும்போது பேருந்தின் மேல்கண்ணாடி திறந்திருந்தது. மேட்டில் ஏறித் திரும்பும் இடத்தில் அந்த வாசனை உள்ளே வந்தது. நனைந்த செங்கல்லும் பழைய இரும்பும் கலந்த வாசனை. எட்டிப் பார்த்தேன். நம் மைதானத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். இனி அங்கே பிளாஸ்டிக் புல் விரிக்கப் போகிறார்களாம். மஞ்சள் இயந்திரம் ஒன்று, இத்தனை காலமும் புல்லுக்குப் பதிலாக அங்கே பரப்பியிருந்த சிவப்புச் சாம்பலை அள்ளி அள்ளிக் குவித்தது. தூறலில் அந்தக் குவியலிலிருந்து ஏதோ மெல்ல எழுந்தது. ஆவியா, தூசியா, என் கண்ணாடியில் படிந்த புகையா என்று தெரியவில்லை. என் வலது கை அரித்தது.

இரண்டு தரிப்பு முன்னதாகவே இறங்கி நடந்து வந்து இதை எழுதுகிறேன். உன் நினைவாக அச்சிடப்போகும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு, மூன்று வாரமாக எழுதாமல் தள்ளிப்போட்ட பக்கம் இது. உன் செத்தவீட்டன்று உன் மனைவி என்னைத் தேடி வந்து கேட்டது. "அண்ணை, சங்கத்துக்கு எல்லாம் நீங்கள்தானே எழுதுறனீங்கள். முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. அவர் உங்கடை எழுத்தெண்டால் விரும்பி வாசிக்கிறவர்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எனக்கு மறதி வராது என்பது உனக்குத் தெரியும். இங்கே ஜெர்மனிக்கு வந்த புதிதில், என் கணிதப் பட்டச் சான்றிதழைக் கையால் தொடாமல் பேனையால் தள்ளி, இது இங்கே செல்லாது என்று சொன்ன அலுவலரின் மோதிரக் கல் என்ன நிறம் என்று இன்றும் என்னால் சொல்ல முடியும். பதினெட்டு வருடமாகப் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிறேன். லேபல் ஒட்டுகிறவனுக்கு வேறு என்ன வேலை? மனம் தன் பாட்டில் பழைய கணக்குகளை மீண்டும் மீண்டும் செய்து பார்க்கும். அவற்றில் நீயும் ஒன்று.

பத்தாம் வகுப்புவரை நாம் ஒரே வாங்கில் இருந்தோம். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் நீ ஒரு வார்த்தை சொல்லாமல் நம் பள்ளிக்கூடத்தின் எதிரியாகத் தண்டவாளத்துக்கு அப்பால் இருந்த கல்லூரிக்குப் போனாய். அடுத்த வருட உதைபந்தாட்டத்தில் அவர்களுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு எதிராகவே கோல் அடித்தாய். நான் எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் கொடியோடு நின்றேன். பந்து வலையில் மோதி என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறாமல் அதை உருட்டியபடியே வீட்டுக்குப் போனேன். அன்றைய வெயில் இன்னும் என் பிடரியில் இருக்கிறது.

இருபத்தைந்து வருடம் கழித்து, இந்த வுப்பர்டால் நகரில் நம் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில், தலைவர் உன்னைப் பயிற்சியாளனாகக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாருடைய முகத்திலும் ஒரு மெல்லிய வெளிச்சம் இருந்தது. கோடை ஒன்றுகூடலில் அந்தக் கல்லூரிச் சங்கத்தோடு வருடாவருடம் விளையாடி ஆறு வருடமும் தோற்றிருந்தோம்.

"உவன் அங்காலைப் போனவன்" என்றேன், நீ கேட்கும்படியாகவே.

தலைவர் சிரித்தார். "பத்தாம் வகுப்பு மட்டும் எங்கடை ஆள்தானே. ஒரு வருசம் படிச்சாலே உறுப்பினர் எண்டு யாப்பிலை கிடக்கு. யாப்பு எழுதினது ஆர்?"

சங்கத்து விதிகளை எழுதியவன் நான். ஆள் சேரவேண்டும் என்பதற்காக எழுதிய வரி. நீ என்னைப் பார்த்து, "எப்பிடி இருக்கிறாய் மச்சான்?" என்றாய். நேற்று வாங்கிலிருந்து எழுந்து போனவன் மாதிரி.

பயிற்சி ஞாயிறுகளில் நடந்தது. நான் ஒருபோதும் விளையாடியவன் அல்லன், பார்க்கிறவன். ஆனால் பார்க்கிறவனுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று நம்பினேன். யார் எங்கே நிற்கவேண்டும் என்று ஒரு காட்போட் மட்டையில் கோணங்களோடு வரைந்து உன்னிடம் தந்தேன். நீ அதைக் கவனமாகப் பார்த்து, தலையாட்டி, இரண்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தேத்தண்ணி மேசையின் காலுக்குக் கீழே வைத்தாய். "இப்ப சரி" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அதையும் நான் மறக்கவில்லை.

நீ வேலை செய்த முதியோர் இல்லத்துச் சமையலறையிலிருந்து வெற்றுத் தயிர் வாளிகளைக் கொண்டுவந்து மைதானத்தில் கவிழ்த்து வைப்பாய். அவற்றுக்கு நடுவே நாற்பது வயதுக்காரர்கள் மூச்சிரைக்க ஓடுவார்கள். பள்ளத்தில் ஆற்றுக்கு மேலே தொங்கு ரயில் போகும் சத்தம் கேட்கும். நீ சொன்னதெல்லாம் ஒன்றுதான். "பந்தைப் பாக்காதேங்கோ. பந்தை எல்லாரும் பாப்பாங்கள். ஆளில்லாத இடத்தைப் பாருங்கோ."

குகன் என்று ஒருவன் இருந்தானே, வெதுப்பகத்தில் வேலை செய்தவன், வயிறு வைத்தவன், ஒரு முழங்கால் போனவன். அவனை எடுக்கவேண்டாம் என்று நான் சொன்னேன். நீ அவனை வலது ஓரக் கோட்டில் நிறுத்தினாய்.

"நீ உந்தக் கோட்டோடையே நில். ஆர் கூப்பிட்டாலும் உள்ளுக்கை வராதை."

"ஓட ஏலாது எண்டதுக்காகத்தானே அண்ணை நிக்கச் சொல்லுறியள்?"

"ஓமடா. அதுக்காகவும்தான்."

ஒரு ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. உடை மாற்றும் அறையின் தகரக் கூரைக்குக் கீழே நீயும் நானும் மட்டும் நின்றோம். சிவப்புத் தண்ணீர் ஓடையாக நம் காலடியால் ஓடியது. ஊர் மண்ணும் மழைக்கு இப்படித்தான் ஓடும். அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்கு எந்த ஊர், எந்த வயது என்பது கொஞ்சம் கலங்கிப்போயிற்று. அந்தக் கலக்கத்தில்தான் கேட்டேன். "ஏன் அண்டைக்கு அங்காலைப் போனனி?"

நீ யோசிக்கவே இல்லை. "எங்கடை சேர் என்னைப் பதினொண்டிலை எடுக்கேல்லை. அவங்கள் எடுத்தாங்கள். எனக்கு விளையாட வேணும் போலை இருந்துது மச்சான்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். நீ பாக்கிறவன், உனக்குக் கல்லூரி. நான் விளையாடுறவன், எனக்குப் பந்து."

இருபத்தைந்து வருடம் நான் சுமந்த துரோகத்துக்கு இவ்வளவு சிறிய காரணமா? எனக்குக் கோபம் குறையவில்லை. கூடியது.

ஆட்டம் நடந்த அந்த ஓகஸ்ட் ஞாயிறு எப்படியோ கனவு போலவே என்னிடம் தங்கிவிட்டது. பல நாள் மழை இல்லை. ஓடுகிறவர்களின் கால்களிலிருந்து தூசி எழுந்து, இறங்காமல், இடுப்பளவில் ஒரு சிவப்பு மூடுபனியாக நின்றது. அதற்கு மேலே தலைகள் மட்டும் மிதந்தன. தூரத்துத் தலைகள் யாருடையவை என்று தெரியவில்லை. பதினேழு வயதுத் தலைகளாகவும் இருக்கலாம். ரோல்ஸ் பொரியும் மணம். என் மகள் வந்து, "அப்பா, நாங்கள் நீலமோ, மஞ்சளோ?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் தோழிகளோடு ஜெர்மன் கதைத்தபடி ஓடினாள்.

குகன் கோட்டோடு நின்றான். முதல் பாதி முழுவதும் நின்றான். பந்து அவனிடம் ஒரு தடவையும் போகவில்லை.

"டேய் குகன், பஸ்ஸுக்கோ நிக்கிறாய்?" என்று எங்கள் பக்கத்திலேயே கத்தினார்கள்.

"அவருக்கு ஒரு கதிரை குடுங்கோ!" என்றது மறுபக்கம்.

இரண்டாம் பாதியிலும் அவன் நின்றான். என்னால் தாங்க முடியவில்லை. உன் பின்னால் வந்து, இரண்டு சங்கத்துக்காரரும் கேட்கும்படி கத்தினேன். "ஆளை மாத்தடா! பத்துப் பேரோடை விளையாடிக்கொண்டு நிக்கிறாய். உன்ரை மற்றப் பள்ளிக்கூடத்துக்கு வேலை செய்யவோ வந்தனி?"

நீ திரும்பவில்லை. பிடரியை ஒரு தடவை சொறிந்தாய். மைதானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

அப்போது நான் பார்க்காத ஒன்றை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். குகனைக் காவல் காத்த அவர்களுடைய ஆள் அலுத்துப்போனான். முதலில் ஐந்தடி விலகினான், பிறகு பத்தடி. இந்த மனிதனுக்கு ஒரு காவல் தேவையா என்று நினைத்திருப்பான். கடைசியில் தானே ஒரு கோல் போடும் ஆசையில் முன்னால் போய்விட்டான். வலது பக்கம் முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. நடுவிலிருந்து யாரோ பந்தைப் பார்க்காமல் அந்த வெறுமைக்குள் தட்டிவிட்டார்கள். குகன் ஓடவில்லை. மூன்று எட்டு வைத்தான். பெருவிரலால் குத்தினான். அழகில்லாத குத்து. பந்து கோல் காவலாளியின் காலுக்கடியால் உருண்டு போயிற்று.

ஒன்றுக்குப் பூச்சியம். ஏழு வருடத்தில் முதல் வெற்றி.

விசில் ஊதியதும் என் கால்கள் என்னைக் கேட்காமல் உள்ளே ஓடின. நாற்பத்து மூன்று வயதில், வேலைக்குப் போடும் சப்பாத்தோடு. பத்தடி போவதற்குள் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். அந்தச் சாம்பலில் விழுந்தவர்களுக்குத் தெரியும், அது தோலை அரம்போல உரித்துவிடும். தூக்கியவன் நீ. மேசைக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் ஊற்றிக் கழுவி, மருந்துப் பெட்டியிலிருந்த ஊசியால் ஒவ்வொரு துகளாக எடுத்தாய். உன் தலை என் முகத்துக்குக் கீழே குனிந்திருந்தது. நரைத்திருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் அந்தத் தலையைப் பார்த்துத்தான் நான் கத்தியிருந்தேன்.

"ஒண்டு ஆழத்துக்குப் போயிட்டுது" என்றாய். "கிடக்கட்டும் விடு. இனி நீயும் விளையாடின ஆள்தான்."

அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தேன் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் நீ கையைத் துடைத்துவிட்டு எழுந்து அந்தப் பக்கம் போனாய். அவர்களுடைய ஆட்கள் உன்னைக் கட்டிப்பிடித்தார்கள். உன் பட்டப்பெயரைச் சொல்லி ஏசிச் சிரித்தார்கள். அந்தப் பட்டப்பெயர் எனக்குத் தெரியாது. அது நீ போன பிறகு வந்த பெயர். வெற்றி என் வாயிலேயே புளித்தது.

சங்க மலருக்கு ஆட்ட அறிக்கை எழுதுவது என் வேலை. இந்த நாட்டில் என் படிப்புக்கு மிஞ்சியிருந்த ஒரே மரியாதை அது. மூன்று பக்கம் எழுதினேன். தூசியை எழுதினேன், குகனின் பெருவிரலை எழுதினேன், "எமது அன்னையின் மைந்தர் பதினொருவரும் தம் சொந்த ஆற்றலால்" என்று முடித்தேன். உன் பெயரை எங்கும் எழுதவில்லை. மறந்துபோகவில்லை. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் வெட்டினேன். எழுதும்போது தாளில் பதிகிற இடத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, அந்தத் துகள் இருந்தது. காயம் ஆறியிருக்கவில்லை. வலிக்க வலிக்கத்தான் வெட்டினேன்.

மலர் வந்த வாரம் நீ தொலைபேசி எடுத்தாய். எனக்குத் தெரியும், கேட்பாய் என்று. பதில் தயாராக வைத்திருந்தேன்; நல்ல கூர்மையான பதில்.

"வாசிச்சன் மச்சான். நல்ல எழுத்து. குகன்ரை மனுசி வெட்டிச் சுவரிலை ஒட்டி வைச்சிருக்கிறாவாம்."

"ம்."

"கைக்காயம் மாறிட்டுதோ?"

"ஓம்."

"சரி, வைக்கிறன். நாளைக்கு எனக்கு டொக்டர் வரச்சொன்ன டெர்மின் இருக்கு."

அவ்வளவுதான். என் பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது. அடுத்த வருடம் நீ வரவில்லை, உடம்பு விடவில்லை என்றார்கள். நாங்கள் மறுபடியும் தோற்கத் தொடங்கினோம். நான் கோட்டோரம் நின்று, புதிய பயிற்சியாளர் பந்துக்குப் பின்னால் ஓடு ஓடு என்று கத்துவதைப் பார்ப்பேன். ஒருவனால் என்ன ஏலாது என்று கண்டுபிடித்து அதையே அவனுக்கு வேலையாகக் கொடுப்பதும், அது பலிக்கும்வரை பின்னாலிருந்து வரும் ஏச்சைத் திரும்பிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வதும்தான் பயிற்சி என்று மெல்ல மெல்லப் புரிந்தது. புரிந்த பிறகும் உனக்கு நான் தொலைபேசி எடுக்கவில்லை.

உன் பெட்டிக்கருகே இரண்டு கல்லூரிகளின் மலர்வளையங்களும் இருந்தன. எங்களுடையதை வாங்க ஏற்பாடு செய்தவன் நான் இல்லை.

எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த மட்டையை மேசைக் காலுக்கு வைத்ததை நான் மன்னிக்கவில்லை. கொடியோடு நின்ற பையனிடம் நீ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்தக் கல்வெட்டை இரண்டு சங்கத்துக்காரரும் வாசிப்பார்கள். ஆகவே அன்று நான் வெட்டிய வரியை இங்கே எழுதுகிறேன், அச்சிடுகிறவர் விடாமல் போடட்டும்: அந்த வருடம் எமது அணியின் பயிற்சியாளர், இந்தக் கல்வெட்டின் அட்டையில் படமாக இருப்பவர். அந்த வெற்றி அவருடையது.

அறிக்கையில் நான் வெறுமையாக விட்ட இடத்தில் நீ இத்தனை வருடமும் கோட்டோடு நின்றிருக்கிறாய், கையைத் தூக்கிப் பந்து கேட்காமல்.

போன மாதம் மருத்துவர் என் கையைப் பார்த்து, இது என்ன கறுப்பு, எடுத்துவிடவா என்று கேட்டார். கறுப்பு இல்லை, சிவப்பு என்றேன். அவர் மறுபடியும் பார்த்தார். வேண்டாம், கிடக்கட்டும் என்றேன். மைதானத்தை அள்ளி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இது இருக்கும். இந்தப் பக்கத்தை எழுதும்போதும் அதுதான் தாளில் அழுந்துகிறது.