x யார், y யார் என்று கரும்பலகையில் எழுதியவளுக்கு

தங்கமான ரஷீதாவுக்கு,

நீ போன பிறகு வந்த முதல் பரீட்சை முடிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புக் கணக்குத்தாளை நான்தான் தயாரித்தேன். இப்போது கேள்வித்தாளை அச்செடுக்க மெழுகுத்தாளில் ஸ்டென்சில் வெட்டுவதில்லை. பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கையில் மை ஒட்டுவதில்லை.

கலவரத்துக்குப் போட்ட ஊரடங்கு முடிந்து பள்ளி திறந்த அந்த வருஷம் நினைவுக்கு வந்தது. கோயமுத்தூரே குரலைத் தாழ்த்திப் பேசிய நாட்கள். உன் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பாத்திமாவும் பாக்கியமும், வீட்டில் சொல்லி அனுப்பியதால் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் நீ 'பொருத்துக' பகுதியை எழுதினாய். ஒரு பக்கம் சமன்பாடுகள், மறுபக்கம் அன்றாடம் நடப்பவை. பாத்திமா தொட்டியில் ஊற்றியது x குடம், பாக்கியம் ஊற்றியது y குடம். இருவரும் சேர்ந்து பன்னிரண்டு குடம் என்றால் x + y = 12. பாத்திமா இரண்டு குடம் அதிகம் என்றால் x − y = 2. யோசிக்காமல் எழுதுபவர்களுக்காக y − x = 2 என்பதையும் பக்கத்தில் வைத்தாய்.

தலைமையாசிரியை படித்துவிட்டு உன்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், இந்த நேரத்துல இந்த ரெண்டு பேரையும் ஒண்ணாப் போடோணுமா? பெத்தவங்க வந்து நின்னா நான் என்னங்க பதில் சொல்றது?"

"பேரை எடுத்தா கணக்கு நிக்காதுங்க மேடம்."

"அதெல்லாம் நிக்கும். ஒருத்தி, இன்னொருத்தின்னு போடுங்க."

அவர் கெட்டவர் இல்லை, பயந்திருந்தார். தாள் அவர் சொன்னபடியே, பெயரில்லாமல் போனது.

பரீட்சை அன்று பிள்ளைகள் திணறினார்கள். "டீச்சர், இதுல x யாருங்க? y யாருங்க?" என்று கேட்டபடி இருந்தார்கள். நீ எழுந்து போய்க் கரும்பலகையில் எழுதினாய்: x பாத்திமா, y பாக்கியம். பின்வரிசையில் பாக்கியம் எழுந்தாள்.

"டீச்சர், நான் எதுக்குங்க கம்மியா ஊத்தோணும்?"

முதலில் சிரித்தது பாத்திமாதான். அடுத்த அறையில் மேற்பார்வையில் இருந்த எனக்கே அந்தச் சிரிப்பு கேட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து உட்கார்ந்தார்களா என்றால், இல்லை. பெற்றோர் யாரும் கேள்வி கேட்டும் வரவில்லை. ஆனால் கரும்பலகையைத் தலைமையாசிரியை பார்த்துவிட்டார். அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்பை எடுத்துவிட்டு உனக்கு ஆறாம் வகுப்புத்தான் கொடுத்தார். அவரிடம் ஏன் கேட்கவில்லை என்று உன்னோடு சண்டை பிடித்தேன். "ஆறாவதுக்கும் கணக்கு வேணுமில்லீங்க அக்கா" என்றாய். உள்ளே வலித்ததா, ரஷீதா? பிறகு காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தாய். அந்தக் காய்ச்சலிலிருந்து நீ மீண்டு வரவே இல்லை.

உன் மகள் நூர்ஜஹான் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி சிங்காநல்லூருக்கு என் வீட்டுக்கு வருகிறாள். உன் கணக்கு அவளுக்கு வரவில்லை, சுத்தமாக வரவில்லை. போன வாரம், "பெரியம்மா, எனக்குக் கணக்கே வேண்டாமுங்க. தையல் கத்துக்கறேன்" என்று அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று தோசை வார்த்தேன். சாப்பிட்டுவிட்டு அவளாகவே புத்தகத்தைத் திறந்தாள்.

பத்தாம் வகுப்பைத் தாண்டும்வரை அவளை விடமாட்டேன். அதற்கப்புறம் தையலோ வேறெதுவோ, அவள் இஷ்டம். யாராவது குறுக்கே வந்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
சரோஜினி அக்கா