அப்பாவின் திரையில் அம்மா

மார்ச் 4
அப்பாவின் போனில் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். எதிரில் இருப்பவர் பேசப் பேச, திரையில் எழுத்தாக ஓடுகிறது. என் பிழைப்பும் இதுதான், படங்களுக்கு சப்டைட்டில். முன்பு நான் கேட்டு எழுதுவேன். இப்போது இயந்திரம் எழுதுகிறது, நான் திருத்துகிறேன். காது போன மனிதருக்கும் கொஞ்சம் பயன்படட்டுமே.

அம்மா என்னிடம் முணுமுணுத்தாள்: "இனிமே இவரைக் கையில பிடிக்க முடியாது."

அப்பா படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏன், இதுவரைக்கும் பிடிச்சியா?"

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

மார்ச் 5
எல்லாவற்றையும் படிக்கிறார். செய்தி, தெருச் சண்டை, நான் போனில் பேசுவது. "தும்மலுக்கு எழுத்து வரலையே, ஏன்?" நல்ல கேள்வி.

மார்ச் 8
வீடு அமைதியாக இருக்கிறது. காரணம் புரிய இத்தனை நாள் ஆயிற்று: அம்மா பேசுவதில்லை.

மதியங்களில் அப்பா பேப்பர் படிப்பார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தபடி பேசிக்கொண்டே இருப்பாள். வருடக்கணக்காக. புலம்பல் என்று நினைத்திருந்தேன். கேட்காதவரிடம் சொல்வது பேச்சா? இல்லையென்றால், ஏன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே சொன்னாள்?

மார்ச் 9
கேட்டேன். "வாய் வலிக்குது" என்றாள்.

மார்ச் 12
அண்ணன் வந்தான். இந்த வீட்டை விற்றுவிட்டு இருவரும் அவனுடைய பதினாலாவது மாடி வீட்டில் போய் இருப்பதென்று முடிவாகி ஒரு மாதமாகிறது. மறுபடியும் கேட்டுக்கொண்டான்.

"உங்கம்மா ஆசைப்படறா. நான் தயார்" என்றார் அப்பா.

"அவருக்குச் சரின்னா எனக்கும் சரி" என்றாள் அம்மா, திரையைப் பார்த்தபடி.

பொய். பக்கத்து அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் நான். மதியத்தில் எத்தனை தடவை காதில் விழுந்திருக்கிறது: "அவ்வளவு உயரத்துல எனக்கு மூச்சு முட்டுதுங்க. உங்களுக்காகத்தான் வர்றேன்."

அப்பாவிடம் சொல்லிவிடலாமா? ஆனால் என்னிடம் சொன்னதல்லவே அது.

மார்ச் 13
சொல்லவில்லை.

மார்ச் 15
நாளை பத்திரத்தில் கையெழுத்து. அண்ணன் காலையில் வந்து அழைத்துப் போவான்.

மதியம் அம்மா போனை எடுத்தாள். புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்து அப்பாவின் முன்னால் நிறுத்தினாள். போட்டோ எடுத்துக்கொள்ள நிற்பவள் போல விறைப்பாக உட்கார்ந்தாள்.

"எனக்கு அங்க வர இஷ்டமில்லீங்க."

அப்பா படித்தார். மறுபடியும் படித்தார்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே. தினமும் சொன்னேன்."

அதையும் எழுதிக் காட்டியது இயந்திரம். நான் திருத்த ஒன்றுமில்லை.

மார்ச் 16
அண்ணனிடம் அப்பாவே சொன்னார்: "எனக்கும் அங்க ஒத்துக்காதுடா. இவளுக்காகத்தான் தலையாட்டினேன்."

அண்ணனின் முகம் தொங்கிவிட்டது. "யாராவது ஒருத்தர் என்கிட்ட வாயைத் திறந்திருக்கலாம்ல?"

சாப்பிடாமல் கிளம்பினான். வாசல்வரை போய் நின்று, அம்மாவின் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்டான்.

மார்ச் 20
தலைக்கு மேல் வேலை. கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் அம்மா — ஒழுகும் குழாய், முழங்கால், எதிர்வீட்டு நாய் என்று மூச்சுவிடாமல். நடுவில் அப்பாவின் குரல்:

"கொஞ்சம் மெதுவா சொல்லு. படிக்கணும்ல."