காது உடைந்த கழுதை

டிசம்பர் 19

கடையில் இன்று பதினோரு மூக்குக்கண்ணாடிக்குக் கண்ணாடி வெட்டினேன். வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சவரம் செய்தால், "மீசை ஒரு பக்கம் தூக்கியிருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கவாதம் கையைப் பிடித்துக்கொண்டு வாயை விட்டுவிட்டது. இருபத்து மூன்றாம் தேதி அக்காவும் அத்தானும் வருகிறார்கள். வருஷத்தில் நான்கு நாள் வந்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போவாள்.

டிசம்பர் 21

பரணிலிருந்து கிறிஸ்துமஸ் குடில் பொம்மைப் பெட்டியை இறக்கினேன். அடியில் கழுதைப் பொம்மை. காது உடைந்ததிலிருந்து அதை யாரும் எடுப்பதில்லை. அக்கா கல்யாணத்துக்கு முன்னால் காகிதம் சுற்றி வைத்தது அப்படியே கிடந்தது. ஒட்டிப் பார்க்கலாமே என்று பிரித்தேன்.

காகிதம் இல்லை, கடிதம். எனக்கு வந்த கடிதம். கண் பரிசோதனைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, ஜனவரி பத்துக்குள் வந்து சேரவும்.

பத்தொன்பது வருஷம். "இடம் வரலைன்னா விடுடி, அதுக்கெல்லாம் மூளை வேணும்" என்று என் தலையைத் தடவியது அவள்தானே? நானும் என்னை மக்கு என்று நம்பி, யார் யாரோ எழுதிக்கொடுக்கிற சீட்டுக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டு...

பாவி. சும்மா விடுவேனா நான்.

டிசம்பர் 22

அதே கடிதத்தில், அதே மடிப்பில் கழுதையைச் சுற்றி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 23

வந்துவிட்டார்கள். "இளைச்சிட்டியேடி" என்று கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். இரு, உன்னை இளைக்க வைக்கிறேன்.

டிசம்பர் 25

சர்ச்சிலிருந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் பொட்டலத்தை அக்கா கையில் கொடுத்தேன். "நீ சுத்தினதுதானேக்கா, நீயே பிரி."

பிரித்தாள். படிக்கக்கூட இல்லை, முகம் வெளுத்துவிட்டது. அத்தான்தான் வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

"அப்பாதான்டி கிழிச்சுப் போடச் சொன்னாரு" என்று அழுதாள். "நீ படிக்கப் போயிட்டா என் கல்யாணம் நடக்காதுன்னாரு. எனக்குக் கிழிக்க மனசு வரலை."

ரொம்ப நல்ல மனசு.

அப்பாவைப் பார்த்தேன். தட்டைப் பார்த்தபடியே, "ரெண்டு பேரும் போயிட்டா என்னை யாரு பார்க்கிறது?" என்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்லு மாதிரி இருந்தார்.

ஒருத்தியைப் பழிவாங்கத்தான் நினைத்திருந்தேன். இப்போது இரண்டு பேர். பரவாயில்லை, இரண்டு பேருக்கும் ஒரே வழி இருக்கிறது.

டிசம்பர் 26

முதலாளிக்குப் போன் செய்தேன். வெளியூர்க் கடைக்குப் போகிறாயா என்று மூன்று வருஷமாகக் கேட்கிறார். நாளைக்கே போகிறேன் என்றேன்.

"அப்போ அப்பா?" என்றாள் அக்கா.

"அதான் நீ இருக்கியே."

அத்தான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

மாத்திரை நேரத்தை டப்பாக்களில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன். நான் கொலைகாரி இல்லை. மற்றதெல்லாம் — எந்தச் சட்டை குத்தும், சவரத்தை எந்தக் கன்னத்தில் தொடங்கவேண்டும், கத்தினால் என்ன சொல்லி அடக்குவது — தனியாக ஒரு தாளில் எழுதினேன். எழுத எழுத இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது.

டிசம்பர் 27

காலை எட்டு மணி பஸ். அப்பா, "எப்ப வருவே?" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன்.

டிசம்பர் 30

புது அறை. ஜன்னலைச் சரியாகச் சாத்த முடியவில்லை. வெயில் நன்றாக வருகிறது.

காலையில் அக்கா போன் செய்தாள். "மூணு நாளா சவரம் பண்ண விடமாட்டேங்கிறாருடி. நீ எப்படித்தான் பண்ணுவே? எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்" என்றேன். "கழுதையைப் பிரிச்சுப் பாரு."