நிறைந்தபடி திரும்பிய தூக்குச்சட்டி

நேற்றுச் சாயங்காலம் எதிர்வீட்டு ராஜம்மா மதினி ஒரு தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து என் அடுப்படி மேடையில் வைத்துவிட்டுப் போனார். அம்மன் கோயில் கொடைத் திருவிழாப் பொங்கல். மூடியைத் திறக்காமலே வெல்லமும் சுக்கும் நெய்யும் மணத்தன. நீ போய் ஆறு மாதம் ஆகிறது. ஒரு காலத்தில் இந்தச் சட்டி உன் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அது ஏன் நின்றது என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

உன் வீட்டுப் பின்கட்டுக்கு நான் குடிவந்தபோது கையில் ஒரு தகரப்பெட்டி மட்டும் இருந்தது. ஞானஸ்நானம் எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. விளாத்திகுளம் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்பாதான் சாமியாடி. சாமி குற்றம் வந்தால் ரத்தம் கக்கிச் சாவாய் என்று கேட்டே வளர்ந்தவள் நான். அதை விட்டு வந்த அன்று அண்ணன், “இனி இந்த நடையை மிதிச்சிராத” என்று கதவைச் சாத்தினான். நீயோ பிறந்ததே கிறிஸ்தவ வீட்டில். பயம் என்றால் உனக்குப் பல்லி மட்டும்தான்.

அந்த முதல் சித்திரையில் ஒருநாள், தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வந்தவள் நேராக உன் அடுப்படிக்குள் நுழைந்தேன். நீ மதினியின் பொங்கல் சட்டியை மடியில் வைத்து விரலை நக்கிக்கொண்டிருந்தாய்.

“என்னட்டி, இது படைச்சதுல்லா?”

“படைச்சா என்ன? அரிசியும் வெல்லமும். ஆண்டவர் ஒருத்தர்தான்னு ஆனபொறவு இது நம்மள என்ன செஞ்சிரும்? உக்காரு, நீயும் ஒரு வாய் தின்னு.”

“ஒண்ணும் செய்யாதுன்னா, நான் எதுக்கு எங்கண்ணனை விட்டுட்டு வந்தேன்?”

வாயாடி நீ. அன்றைக்கோ விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு சட்டியை மூடினாய். எதை விடுவதற்காக நான் வீட்டையே இழந்தேனோ, அதை நீ வழித்து நக்கிக்கொண்டிருந்தாய். இரண்டு ஞாயிறு நான் ஆராதனைக்குப் போகவில்லை. ஊருக்கே திரும்பி அப்பா காலில் விழுந்துவிடலாம் என்று பெட்டியைக் கட்டி, பஸ் நேரம்கூட விசாரித்துவிட்டேன். மூன்றாவது ஞாயிறு காலையில் வந்து வாசலில் நின்றாய். “இனி அது இந்த வீட்டுக்குள்ள வராது. சேலையை மாத்திட்டு வா” என்றாய்.

மறுவருடக் கொடைக்கு மதினி சட்டியோடு வந்தபோது நான் பின்கட்டு ஜன்னலில் நின்றிருந்தேன். “கோவிச்சிக்கிடாதீங்க மதினி, இனிமே எங்களுக்கு வேண்டாம்” என்றாய். ஏன் என்று கேட்டார். நீ சொல்லவில்லை. காலிச் சட்டியைக்கூட நம் பக்கத்தில் சும்மா திருப்பித் தரமாட்டார்கள், நாலு முறுக்காவது போட்டுத்தான் தருவார்கள். மதினியோ நிறைந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு, தெருவே பார்க்க, எதிர்வீட்டுக்குத் திரும்பிப் போனார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உனக்கு வெளிச்சம் கிடைத்துவிட்டதாம்! இப்போது நினைத்தால் என்னை நானே நாலு சாத்துச் சாத்தலாம் போலிருக்கிறது.

நாலு வருடம் மதினி உன்னோடு பேசவில்லை. தெருக்குழாயில் உன்னைக் கண்டதும் அவர் குடத்தை நகர்த்திக்கொண்டு போன ஒருநாள், மனது கேட்காமல் உன்னிடம் கேட்டேன்.

“அதைத் தின்னா தப்பில்லைன்னுதான இன்னமும் நெனைக்க?”

“ஆமா.”

“பொறவு என்ன? வாங்கித் தின்னுட்டுப் போக வேண்டியதுதான?”

“தின்ன எனக்கு உரிமை உண்டுட்டி. ஆனா கையில இருக்கதை விட முடியலைன்னா அதுக்குப் பேரு விடுதலையா? என்னால நீ இடறி விழுந்தா ஆண்டவர்ட்ட நான்லா பதில் சொல்லணும்? தண்ணி நிக்கப்போவுது, கொடத்தை வை.”

பிறகு மதினிக்குக் கால் முறிந்தபோது நீ போய்ச் சமைத்துப் போட்டாய். பேச்சு வந்தது. பொங்கல் மட்டும் வரவில்லை. அவரும் கொடுக்கவில்லை, நீயும் கேட்கவில்லை.

இனி உனக்குத் தெரியாதது. உன்னை அடக்கம் செய்துவிட்டு நாங்கள் திரும்பிய அன்று ஐப்பசி மழை. கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு நடக்கவிடவில்லை. மதினி என் தோளைப் பிடித்தபடி நடந்தார். “எங்க வீட்டுப் பொங்கல்னா அவளுக்கு உசுரு. அடிச்சட்டியை வழிக்கதுக்கே எங்க அடுப்படிக்கு வருவா. திடீர்னு ஏன் வேண்டாம்னா? நாங்க என்ன கொறை வச்சோம்?” என்றார். இத்தனை வருடமும் அதை மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். “நான்தான் மதினி காரணம்” என்று எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

நேற்றுச் சட்டியை வைத்துவிட்டுப் போகும்போது சொன்னார்: “தின்னாலும் சரி, திங்காட்டாலும் சரி. நிறைச்சட்டியா மட்டும் திருப்பித் தந்திராத.”

சுகர் இருக்கிறது என்று சாக்குச் சொல்லியிருக்கலாம், பொய்யுமில்லை. உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தேன். அப்பாவின் உறுமல் காதில் கேட்டது, இத்தனை வருட ஜெபத்துக்குப் பிறகும். “ஆண்டவரே” என்று விழுங்கினேன். அரிசியும் வெல்லமும்தான். நீ சொன்னது சரி. எனக்காக நீ விட்டதை, மதினிக்காக நான் தின்றேன். தின்னத் தின்ன மனசு உன்னை ரொம்பத் தேடியது. ஒருநாள், “இப்ப பயம் போயிட்டாட்டி?” என்று நீ கேட்டிருக்கலாம். நானாவது, “இனி நீ தின்னு” என்று சொல்லியிருக்கலாம். உனக்குப் பிடித்ததை ஆயுசுக்கும் உன் வாயிலிருந்து பிடுங்கிவிட்டு, அது உனக்கு உசுரு என்பது தெரியாமலே உன் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

காலையில் சட்டியைக் கழுவித் துடைத்து, நாலு முறுக்குப் போட்டுக் கொண்டுபோனேன். மதினி மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“தின்னியாட்டி?”

“தின்னேன் மதினி. அவ பங்கையும் சேத்து.”